உட்பிரிவு

தோஹாவுக்குப் போகும்போது ஹனிஃபா
என்னிடம் விட்டுப்போனது மூன்று:
ஒரு குக்கர், ஒரு கேஸ் ரெகுலேட்டர்,
கப்பலூர்.

கப்பலூர் நாலடிப் பாம்பு.
டோல்கேட் கட்டைபோல உடம்பெல்லாம் பட்டை,
அதனால் அந்தப் பேர்.
கிங் ஸ்னேக் என்றால் ராஜநாகமா என்று
கேட்காதவர் வில்லாபுரத்தில் ஒருவர்தான்.
மாடிவீட்டுத் தமயந்தி.
கட்டுவிரியன் என்று தானே முடிவுகட்டி
கொடியில் போட்ட துணிகளை
ஈரத்தோடு அள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள்.

விஷமில்லை. கடித்தால் ஸ்டேப்ளர் பட்ட மாதிரி.
மற்ற பாம்புகளைத் தின்னும், அதனால் ராஜா.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.
வனத்துறைப் படிவத்துக்கு இது போதாது.
இனம் என்ற கட்டத்துக்குக் கீழே
இன்னொரு கட்டம்:
உட்பிரிவு.

"விக்கிறவன் பியூர் கலிஃபோர்னியான்னுதான் சொன்னான்"
என்றான் ஹனிஃபா, பின்னால் ஏதோ மெஷின் ஓட.
நெய் டப்பாவில் படித்த நாள்முதல்
பியூர் என்ற சொல்மீது எனக்குச் சந்தேகம்.

முதுகில் பட்டைகள் ஒழுங்காகத்தான் வருகின்றன.
விலாவில் இறங்கியதும் கலைந்துபோய்
கறுப்புச் செதில் ஒவ்வொன்றின் நடுவிலும்
சீரகம் அளவுக்கு மஞ்சள்.

சென்னைக்காரர் படம் பார்த்துவிட்டு எழுதினார்:
தகப்பன் ஃபுளோரிடா, சத்தியம் பண்ணுவேன்.
கோயம்புத்தூர்க்காரர்:
கார்ன் ஸ்னேக் கலந்திருக்கிறது,
ஆசனவாய்ச் செதிலைப் பாருங்கள்,
இரண்டாய்ப் பிளந்திருந்தால் பேச்சே இல்லை.
திருமங்கலத்தில் பாம்பு பிடிக்கும் பால்ச்சாமி:
"பாம்பின் கால் பாம்பறியும்.
அத நம்மகிட்டக் கேட்டா?"

கண் பால்நிறமாகி, நாலு நாளில் தெளிந்து,
வியாழன் விடியலில் சட்டை உரித்தது.
மூக்கு முதல் வால்வரை கிழிசலில்லை,
ஸாக்ஸைக் கழற்றியதுபோல
உள்பக்கம் வெளியாய்.

கோரிப்பாளையத்து லேபில்
ரத்த அணுக்களை எண்ணுவது என் வேலை.
நைட் ஷிப்டில் கூட்டம் ஓய்ந்ததும்
சட்டையை நனைத்து ட்ரேயில் விரித்து
கிளிக்கரை அழுத்தத் தொடங்கினேன்.
குறுக்கே இருபத்துமூன்று வரிசை.
மறுபடி எண்ணினால் இருபத்திரண்டு.
டெங்கு ஸாம்பிள் வந்தது, எழுந்துபோனேன்.
மூன்றாம் முறை இருபத்துமூன்று.
அது கலிஃபோர்னியாவுக்கும் பொருந்தும்,
ஃபுளோரிடாவுக்கும் பொருந்தும்.
ஆசனவாய்ச் செதில் பிளவில்லாமல் ஒன்றாக இருந்தது.
கோயம்புத்தூர்க்காரர் கட்சி பாதி தோற்றது.
பாதிதான்:
கலப்பில் எதுவும் வரலாம் என்று
அவரே பிறகு எழுதினார்.

போன மாதம் எல்லீஸ் நகரில் வீடு பார்த்தபோது
புரோக்கர் ரெங்கமணி ஊர் கேட்டார்,
ஊரில் எந்தத் தெரு என்றார்,
அப்பா பேர் கேட்டார்,
அம்மா வழியில் கும்பிடுவது எந்தச் சாமி என்றார்.
சொல்லச் சொல்ல
ஒன்று மற்றொன்றோடு ஒட்டாமல்
அவர் முகம் குழம்பிக்கொண்டே போனது.
கிளிக்கர் இல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தார் மனிதர்.
வீடு அமையவில்லை.
அதை இங்கே எதற்குச் சொல்கிறேன்.
கப்பலூருக்கு வீடு இருக்கிறது:
மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, ஒளிய ஒரு சட்டி.

கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். திரை ஏற்கவில்லை.
'கலப்பு' என்று அடித்தேன்.
பட்டியலில் உள்ளதைத் தேர்ந்தெடுக்கவும் என்றது.
தெரியவில்லை என்பது பட்டியலில் இல்லை.

அதற்குள் சட்டை காய்ந்து சுருளத் தொடங்கியது.
வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.
தலைப்பக்கத்தை மட்டும் வெட்டி
லென்ஸின் கீழ் வைத்தேன்.
இமையில்லாத கண்ணைக் காத்த செதில்கள்.
பட்டையில்லை, புள்ளியில்லை,
அந்தப் பக்கத்து ட்யூப்லைட் அப்படியே தெரிந்தது.

அவற்றையும் கணக்கில் சேர்த்தேன்.
இரண்டு.