கேள்வி பதினொன்று

மைனஸ் இருபத்தெட்டு.
எட்மன்டனில் அந்தக் குளிருக்குப் பேனா எழுதாது,
பென்சில் கொடுத்திருந்தார்கள்.
வருஷத்தில் ஒரு ராத்திரி
வீடில்லாதவர்களை எண்ணும் வேலை.
எனக்கும் மாக்சின் கார்டினலுக்கும்
ரயில் நிலையம் தொடங்கி ஆற்றுப்பாலம் வரை.

தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது,
போர்வையை எண்ணிக்கொள்ளலாம் என்பது விதி.
ஒரே போர்வைக்குள் இரண்டு பேர் என்றால்
நகரம் ஒருவரை விட்டுவிடும்.
ஏற்கெனவே விட்டதுதான்.

நூலகத்தின் பின்புறம்
வெப்பக் காற்று வெளியேறும் கம்பித் தட்டியின் மேல்
விழித்தபடி உட்கார்ந்திருந்தார் லோர்ன் புரோகோப்.
"இது மூன்று மணிக்கு நின்றுவிடும்.
அப்புறம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், ஐந்து வரைக்கும்.
இந்த ஊரில் எந்தச் சுவர் எப்போது மூச்சுவிடும் என்று
எனக்கு அத்துப்படி."
இருபத்தாறு வருஷம் பாய்லர் மெக்கானிக்.

கேள்வி பதினொன்று:
வீட்டை இழந்த காரணம்.
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

முழங்கால், என்றார்.
முழங்காலுக்குக் கட்டம் இல்லை.
'உடல்நலக் குறைவு' என்பதில் பென்சிலை வைத்தேன்.
இருங்க, முழங்கால் போனதால்தானே வேலை போச்சு.
அழித்தேன்.
வேலை போயும் வாடகை நிற்கவில்லை;
கட்டடம் கைமாறியது,
புதுக்காரன் நடைபாதைக்குப் பளிங்கு போட்டு
மாதம் நானூறு டாலர் ஏற்றினான்.
அழித்தேன்.
தங்கை வீட்டு சோபாவில் ஏழு மாசம்.
வலி தீர்ந்த பிறகும் மாத்திரை தீரவில்லை,
அவள் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள்.
அழித்தேன்.
முகவரி இல்லாததால் கடிதம் வரவில்லை,
கடிதம் வராததால் அடையாள அட்டை
காலாவதியானது தெரியவில்லை,
அட்டை இல்லாமல் வங்கி இல்லை,
வங்கி இல்லாமல் உதவித்தொகை இல்லை,
புது அட்டைக்கு
முகவரி கேட்டார்கள்.

காகிதம் அந்த இடத்தில் கிழிந்தது.

மாக்சின் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்கள் ஜனத்துக்கு இந்தக் கேள்வியை
எந்த வருஷத்திலிருந்து நிரப்புவது?"
அவள் முன்னோர் தங்கிய கரை அது.
இன்று கூடாரம் அடித்தால் அகற்ற ஆள் வரும்.

கேள்வி பன்னிரண்டு: என்ன உதவி தேவை?
ஆலோசனை, பயிற்சி, சூடான உணவு,
நீண்ட பட்டியல்.
"கதவு," என்றார் லோர்ன்.
"உள்ளேயிருந்து தாழ் போடுகிற மாதிரி.
மற்றதை அப்புறம் பேசிக்கலாம்."
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும்.
இரண்டு வருஷம் முன்பு
எங்கள் தெருவில் மூடிக்கிடந்த மோட்டலை
இவர்களுக்கு அறைகளாக்கும் யோசனை வந்தது.
எதிர்த்து ஒரு மனு வீடுவீடாகச் சுற்றியது.
கார் நிறுத்த இடம் போதாது என்று எழுதியிருந்தது.
நாற்பத்தோராவது கையெழுத்து என்னுடையது.
எந்தப் படிவத்திலும்
அதற்குக் கட்டம் இருந்ததில்லை.

மனு தோற்றது. நல்லவேளை.
மார்ச்சில் முப்பத்தெட்டு அறைகள் திறந்தன.
குடியை விட்டுவிட்டு வா, வேலையோடு வா
என்று யாரும் கேட்கவில்லை.
முதலில் சாவி.
வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு;
வருமானமில்லாத மாசம் மீதியும் நகரத்தின் கணக்கில்.
நர்ஸ் செவ்வாய்க்கிழமை வருவாள்,
கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள்.

பத்து ராத்திரி லோர்ன்
பூட்ஸைக் கழற்றாமல்
வாசலோரத் தரையில் படுத்திருந்தார்.
பதினோராம் நாள் கட்டிலுக்குப் போனாரா,
தெரியாது. கேட்கவில்லை.
மாத்திரை இன்னும் சில நாள் உண்டு.
சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.
வழியில் பார்க்கும்போதெல்லாம் புகார்தான்:
"அந்த பாய்லரைப் பொருத்தினவன் யாரு?
படுமுட்டாள்."

அடுத்த ஜனவரி, மறுபடி பென்சில்.
நூலகத்தின் பின்புறம் அதே கம்பித் தட்டியில்
பத்தொன்பது வயசுப் பெண்.
பதினெட்டு முடிந்த அன்று
வளர்ப்புக் குடும்பத்துக்கு அரசுப் பணம் நின்றதாம்,
மறுநாள் பை தயாராக இருந்ததாம்.
கேள்வி பதினொன்று மாறவில்லை.
எல்லாக் கட்டங்களையும் குறித்தேன்.

இது மூன்று மணிக்கு நின்றுவிடும், என்றேன்.

தெரியும், என்றாள்.