கட்டிங் வேஸ்ட்

பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.
அதற்கப்புறம் பக்கத்துச் சந்தில் ஒருத்தர்
முப்பது ரூபாய் கூட வைத்துக் கொடுப்பார்.
அதுவும் தீர்ந்து
எதிலும் ஒட்டாத ஒரு பசி வந்தது.

சனிக்கிழமை. சம்பள நாள்.
திருப்பூரில் இந்த ராத்திரி மட்டும்
எல்லாப் பாக்கெட்டிலும் கொஞ்சம் சத்தம் இருக்கும்.
நாங்கள் மூன்று பேர், ஒரே வண்டி.
நடுவில் செங்கோடன்.
அவன் பாக்கெட்டில் சத்தமில்லை.
அதைப் பற்றிப் பேசக் கூடாதென்று
நானும் குப்புராசுவும்
சாயங்காலமே பேசி வைத்திருந்தோம்.

நொய்யல் பாலம் இறங்குகிற இடத்தில்
நௌஷாத்தின் கரியடுப்பு.
ஆறு இன்றைக்கு என்ன நிறமென்று
இருட்டில் தெரியாது. அது ஒரு நிம்மதி.
ஏற்றுமதி அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து விசிறிக்கொண்டிருந்தான்,
அதில் ஏதோ துறைமுகத்தின் பாதிப் பெயர்.
ஒவ்வொரு விசிறலுக்கும் நெருப்பு
எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கிஷன்கஞ்சிலிருந்து வந்தவன்.
எட்டு வருஷம் செக்கிங் மேசையில் நின்றே தமிழ் படித்ததில்
மரியாதை தவிர வேறு இலக்கணம் தெரியாது.
“காரம் தூக்கலாப் போடலாமுங்களா?
எலுமிச்சங்காய் புழியட்டுங்களா?
சித்தெ உக்காருங்க.”
கால் நிற்காதவனை ‘ங்க’ போட்டுக் கூப்பிட
இந்த நேரத்துக்கு ஊரில் இவன் ஒருத்தன்தான்.

கம்பியிலிருந்து கபாப் உருவித் தட்டில் விழுந்தது.
மேலே ஒரு பிடி வெங்காயம்.
குப்புராசு ஊதாமல் வாயில் போட்டுக்கொண்டு
தெருவிளக்கைப் பார்த்து ஹா ஹா என்று திறந்து வைத்தான்.
கரிந்த ஓரம், உள்ளே சாறு.
பச்சைமிளகாய்ச் சட்னி மூக்கு வழியே ஏறி
பிராந்தியை நகர்த்திவிட்டு உட்கார்ந்தது.

கை துடைக்க
நௌஷாத் ஒரு சாக்கை உதறினான்.
கட்டிங் வேஸ்ட்.
இங்கே எந்தக் கையேந்தி பவனிலும் இதுதான்,
காகிதத்தை விட பனியன் துணி மலிவு.
ஆளுக்கொரு துண்டு.
மயில்நீலம்.

எனக்குத் தெரிந்துவிட்டது.
குப்புராசு மெல்வதை நிறுத்திவிட்டான்.

நாலாயிரத்து இருநூறு பீஸ்.
சாயப்பட்டறையில் இரண்டாம் ஈடு ஒரு சாயல் தாழ்ந்துபோக
பையர் தொட்டுக்கூடப் பார்க்காமல் வேண்டாமென்றான்.
தைத்தது சந்தை வியாபாரிக்கு,
வெட்டியது எடைக்கு,
எட்டு மிஷினும் கடன்காரனுக்கு,
சாந்தாமணியின் கொடி பாங்கில்.

செங்கோடன் துண்டை எடுத்தான்.
துடைக்கவில்லை.
டியூப்லைட் பக்கம் நகர்ந்தான்.
ஓரத்தை இழுத்து விட்டுப் பார்த்தான்.
குப்புராசு கையிலிருந்ததையும் பிடுங்கி
இரண்டையும் ஒட்டி வைத்து
ஒரு கண்டெய்னர் லாரி பாலம் ஏறி முடிகிற வரைக்கும் பார்த்தான்.

“இதுல எங்கடா இருக்குது வித்தியாசம்?”

நாங்கள் தட்டைப் பார்த்தோம்.

“நௌஷாத்து, நீ செக்கிங்ல நின்னவன்தான? சொல்லு.”

விசிறியைக் கீழே வைத்தான்.
கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு
இரண்டையும் வாங்கி
முதலில் டியூப்லைட்டில்,
பிறகு கங்கு வெளிச்சத்தில்.
பொய் சொல்லித் தொலையேன் என்று
நான் மனதுக்குள் கத்தியது
அவனுக்குக் கேட்கவில்லை.

“இது ஒரு பொட்டு லைட்டுங்க.
ஆனா கண்ணுக்குத் தெரியாதுங்க.”

“தெரியாதில்ல?”

“தெரியாதுங்க. எனக்குத்தானுங்க தெரியுது.”

அடுப்பில் கொழுப்பு சொட்டி ஒருதரம் சீறியது.

செங்கோடன் வாயை, மீசையை,
விரலிடுக்கை
ஒவ்வொன்றாகத் துடைத்தான்.
அந்த அழுக்குத் துண்டை நாலாக மடித்து,
பேக்கிங்குக்குப் போகிற மாதிரி
உள்ளங்கையால் நீவி,
சட்டைப் பாக்கெட்டில் வைத்தான்.

“இன்னொரு பிளேட்டுப் போடு” என்றான்.
“காசு இவுனுக குடுப்பானுக.”