சமையல் குறிப்பு

கச்சான் ஓய்ந்த மறுநாள் வந்தாள் எமல்டா,
மூக்கையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி.
நைலான் சாக்குக்குள் துண்டு, துண்டுக்குள்
மகன் பிளஸ் டூவில் வாங்கிய அரசாங்க லேப்டாப்.
"சாகலை. முழிக்கவும் மாட்டேங்குது."

பட்டனை அழுத்தினேன்.
விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது,
விளக்கு ஒருதரம் கண்ணடித்தது,
அப்புறம் வெறும் கீழக்கரை மத்தியானம்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி,
தேங்கிய மின்சாரம் இறங்கட்டுமென்று
முப்பது எண்ணும்வரை பட்டனை அமுக்கிப் பிடித்தேன்.
உதட்டுக்குள் அவளும் எண்ணினாள்,
இருபத்தாறில் என்னை முந்திப் போனாள்.

அடிமூடியில் ஒன்பது திருகாணி. நாலு துருப்பிடித்து
தலை மழுங்கியிருந்தன.
இந்தக் கரையில் வைரஸ் தின்பது கொஞ்சம்,
உப்பு தின்பதுதான் மிச்சமெல்லாம்.
ரேமின் பொன்பல்லில் பச்சை படர்ந்திருந்தது.
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டினேன்:
மூன்று பீப்.
பக்கத்துக் காடியில் மாட்டினேன்:
பீப்பும் இல்லை.

"போர்டு போயிருச்சு."
"போனாப் போகுது. உள்ள இருக்கறது?"

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் காதில் வைத்து
லேசாய் ஆட்டினேன். சத்தமில்லை, நல்லது.
கேபிளில் என் மெஷினோடு சேர்த்தேன்.
டிக் என்றது.
ஒருதரம் சொன்னால் யோசிக்கிறது,
சொல்லிக்கொண்டே இருந்தால் மௌத்து.
காத்திருந்தோம். சுழன்றது.

பென்டிரைவில் இருக்கும் லினக்ஸில் ஏறி
எதையும் எழுதாமல், படிக்க மட்டும் திறந்து,
முழு டிஸ்க்குக்கும் முதலில் ஒரு நகல்.
தேடுவதெல்லாம் நகலில்.
மூச்சு வாங்குகிறவனை எழுப்பி நடக்கவிட்டா
நோய் கண்டுபிடிப்பார்கள்?

அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது.
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
எமல்டா இறங்கிப் போய்
அரைக் கிலோ தொதல் வாங்கி வந்து
தானே பாதி தின்றாள்.
அறுபத்து நாலு ஆக நாற்பது நிமிஷம்,
இடையில் அசர் தொழுது வந்தேன்.

"என்ன ஃபைல்?"
"சமையல் குறிப்பு."
இதற்கா இரண்டு பஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி
இருட்டுகிற நேரத்தில் முடிந்தது.
திறந்துதானே பார்க்க வேண்டும், உயிர் இருக்கிறதா என்று.
திறந்தேன். பாகத்துக்கு உப்பில்லை, புளியில்லை.
ஒன்பது பாகை, எழுபத்தெட்டு பாகை,
புள்ளிக்குப் பின்னால் மூன்று மூன்று எண்கள்.
பக்கத்தில் அவள் கைப்படத் தட்டிய குறிப்பு:
களவா, அமாவாசைக்கு முந்தி.
பார் கூர், வலை வேணாம், தூண்டில்.
சூசை விழுந்த இடம், போகாதே.
இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.
"உயிர் இருக்கு. போதும்."
ஜிபிஎஸ் டப்பா கடலில் விழுந்ததாம்,
பத்தொன்பது வருஷத்துக் கடல் அதிலிருந்ததாம்.
இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாள்.
பென்டிரைவைப் பர்ஸில் வைத்து
பர்ஸை ஜாக்கெட்டுக்குள் செருகினாள்.
ஏர்வாடி பஸ்ஸுக்கு ஓடினாள்.

நகல் என்னிடம் இருந்தது.
அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை,
இல்லையென்றால் கேட்க வேண்டாமென்று விட்டாள்.
என் தங்கச்சி மாப்பிள்ளை சீனி இபுறாகீமுக்கு
ஒரு ஃபைபர் படகு, மேலே இரண்டு கடன்.
இந்த மாதம் டீசல் காசு தேறிய நாட்களை
ஒரு கையில் எண்ணலாம்.

சும்மா அழித்தால் போகாது.
என்னைப்போல் ஒருவன் தோண்டி எடுத்துவிடுவான்.
மேலே சுழியம் எழுத வேண்டும்,
முனையிலிருந்து முனைவரை சுழியம்.
கட்டளையைத் தட்டிவிட்டு
என்டரின்மேல் விரலை வைத்துக்கொண்டு
மீதித் தொதலைத் தின்றேன்.
பிறகு அழுத்தினேன்.

பாதி ஓடும்போது அவன் ஃபோன்.
"இன்னைக்கும் ஒன்னுமில்ல மச்சான்."
திரையில் சுழியங்கள் போய்க்கொண்டிருந்தன.
என் தலையில் இரண்டு வரிகள் அழியாமல் நின்றன.
ஒன்றைச் சொன்னேன்:
அந்த ஒன்பது பாகையை, அந்தப் புள்ளியை,
அந்தப் பக்கம் மட்டும் போகாதே என்று.

"ஒனக்கு யாரு சொன்னா?"
"ஒரு சமையல் குறிப்புல பார்த்தேன்."