குறைந்த முன்னுரிமை

ஒரு தெருவுக்கு நாற்பது நொடி.
லிஸ்பனில் ஒரு வளைவை நிமிர்த்துகிறேன்.
நாற்பத்தொன்றானால்
திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி.

திக்கணங்கோட்டில் மழை.
வெளியே ஹார்ன். பார்சல் கொண்டுவரும் அபிஷின்
எங்கள் வரைபடத்தை நம்பி
சானலுக்குள் வண்டியை இறக்கப் பார்த்திருக்கிறான்.
“மேப்புல ரோடுன்னுல்லா கெடக்கு?”
“அது சானலாக்கும்” என்றேன்,
வேறு யாரோ வரைந்ததுபோல.

போன ஆடியில் நானே புகார் கொடுத்தேன்,
தண்ணீர் தெரியும்படி படமெடுத்து,
கரையில் நின்ற எருமையோடு.
பதினெட்டு நாள் உலகம் சுற்றிவிட்டு
என் வரிசையிலேயே வந்து விழுந்தது.
சொந்த ஊரைத் தொடக்கூடாது, விதி.
தள்ளிவிட்டேன்.
மணிலாவிலோ எங்கோ ஒருவர்,
பெயர் தெரியாது, ஏழிலக்க எண்,
முப்பத்தெட்டு நொடியில் மூடினார்:
ஆதாரம் போதாது.

கோபம் வரவில்லை.
நல்ல வேகம் என்றுதான் முதலில் தோன்றியது.

பெட்டிக்குள் ஒரு குடை.
கம்பெனிப் பெயர், ஐந்து வருடத்துக்கு நன்றி,
துணைத்தலைவரின் அச்சடித்த கையெழுத்து.
தொப்பலாக நனைந்து நின்றவனிடம் நீட்டினேன்.
வேண்டாமென்றான்,
ஹேண்டில்பாருக்கே இரண்டு கை வேணும்.

“இனி எப்பிடிப் போவ?”
“குருசடி தாண்டி இடப்பக்கம்,
பெறவு ஒரு புளி நிக்கும்,
பெறவு யார்ட்டயாவது கேட்டுக்கோ.”

உள்ளே லிஸ்பன்.
மூலையில் சிவப்பு.