பன்னிரண்டு வாரம்

பன்னிரண்டு வாரம் என்றாள் மருத்துவச்சி ரன்வா,
அட்டைச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து.
ஹெயினி விரல் மடக்கினான்.

அவன் படகு கிளாக்ஸ்விக் துறையில் கயிறு கட்டியது
ஜனவரி இருபத்து நாலு.
அதற்கு முன் ஐந்து வாரம் கடல்.
இன்று ஏப்ரல் ஆறு.
பத்து வாரமும் இரண்டு நாளும்.
மிச்சம்?

அவன் கேட்கவில்லை; தொப்பியைக் கசக்கினான்.
கேட்டது நான்தான்.

ரன்வா சிரிக்கவில்லை.
"உண்டான நாள் எவருக்கும் தெரியாது.
விலக்கான நாள் உனக்குத் தெரியும்.
அங்கிருந்து எண்ணுகிறோம்.
முதல் இரண்டு வாரம்
வயிற்றில் யாருமில்லை."

ஜனவரி பன்னிரண்டு.
வெந்நீர்ப் பை, வானொலியில் புயல் எச்சரிக்கை,
அவன் படகின் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று
விழித்தே கிடந்த இரவு.
அதுவும் சேர்த்தியா பிள்ளையின் கணக்கில்?

அக்டோபர் பத்தொன்பது என்று எழுதினாள்.
முன்னே பின்னே ஆகும் என்றாள்,
படகுகளைப் போல.