வழிந்தது

நெடுவயல் கண்மாய்க்குக் கலுங்கு கட்ட
மதிப்பீடு போட உட்கார்ந்தேன்.
தேவகோட்டை உபகோட்ட அலுவலகம்.
மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் காற்று.

எக்செல் தாள் எனக்கு முன்னால் இருந்தவர் தந்தது.
அவருக்குத் தந்தவர் ஓய்வுபெற்றுவிட்டார்.
டி பதினான்காம் கட்டத்தில் சராசரி மழை.
தொட்டால், பூட்டியிருக்கிறது என்று சொல்லும்.
எப்போதோ பெய்த முப்பது வருட மழையைக் கூட்டி
முப்பதால் வகுத்து
உள்ளே வைத்திருக்கிறார்கள்.
அப்படி ஒரு மழை
எந்த வருடமும் பெய்ததில்லை.

கடவுச்சொல், அலுவலகத் தொலைபேசி எண்தான்.
திறந்தேன்.
பூமயிலின் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்துக்கொண்டேன்.

பூமயில் மழைமானி பார்ப்பவள்.
காலை எட்டரைக்குப் புட்டி நீரை
அளவுக்குழாயில் ஊற்றி
கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து எழுதுவாள்.
அக்டோபர் முழுக்கப் பூஜ்யம்.
நவம்பர் பதினேழு வரை பூஜ்யம்.
பதினெட்டில் எண் இல்லை,
ஒரு சொல்:
வழிந்தது.

புட்டி கொள்வது இருநூறு மில்லிமீட்டர்.
வெளிக்கூட்டில் துரு தின்ற ஓட்டை.
அளக்காததை எழுதக் கூடாது என்று
அவளுக்குச் சொன்னதே நாங்கள்தான்.

அந்தச் சொல்லை அப்படியே தட்டினேன்.
எக்செல் சொற்களைக் கூட்டுவதில்லை.
கரை உடைந்து
அறுபத்து மூன்று ஏக்கர் நாற்றை மண் மூடிய நாளை
மழையில்லாத நாளாக எடுத்துக்கொண்டு
கீழே ஒரு கூட்டுத்தொகை காட்டியது.

ஊரில் போய்க் கேட்டேன்.
பேய்மழை என்றார்கள்.
வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு என்றார்கள்.
கொட்டித் தீர்த்துச்சு என்றார்கள்.
இத்தனை சொல் இருந்தும்
மில்லிமீட்டர் யாரிடமும் இல்லை.

கடைசியில் சின்னக்காளையிடம் இருந்தது.
சொந்தக்காரர்கள் மலேசியாவில் இருக்கும் ஒரு வீட்டுக்கு
அவர் காவல்.
பின்கட்டில் ஒரு பெயின்ட் வாளி;
அதில் ஒரு சாண் நாலு விரல் நின்றதாம்.

கூரைத் தண்ணீர் விழுந்திருக்குமா?
இல்லை, வெட்டவெளி.
காலையிலிருந்தே இருந்ததா?
பத்து மணிக்குத்தான் நிமிர்த்தி வைத்தேன்.
அப்படியானால் அதற்கு முன் பெய்தது கணக்கில் இல்லை.
வாளி மேலே அகலம், கீழே குறுகல்.
அதற்கும் ஒரு திருத்தம் போட்டு
அவருடைய சாணை என் ஸ்கேலில் அளந்து
வந்து தட்டினேன்: இருநூற்று நாற்பது,
குறைந்தபட்சம்.

பதினெட்டு மீட்டர் கலுங்கு
இருபத்தொன்பது ஆனது.
மடையை ஒரு முழம் தாழ்த்தினேன்,
வராமல் போகும் வருடத்துக்கு.
ஒரே கண்மாய்க்கு
இரண்டு வானம் வரைய வேண்டியிருந்தது.

கோப்பு மதுரை போய் மூன்று வாரத்தில் திரும்பியது.
சிவப்பு மையில் ஓரக்குறிப்பு:
சாண், எந்த விலைப்பட்டியலின்படி?
பருவநிலை மாற்றத்துக்குத் தனித் தலைப்பு இல்லை.
பழைய சராசரிப்படி திருத்தி அனுப்பவும்.

திருத்தவில்லை.
வாளியைப் படம் எடுத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து,
பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து,
இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று எண் போட்டு
மறுபடி அனுப்பினேன்.
கூடவே தனித்தாளில் ஒரு வேண்டுகோள்:
பெரிய புட்டி ஒன்று, ஓட்டையில்லாத வெளிக்கூடு ஒன்று,
ரூபாய் நாலாயிரத்து இருநூறு.

அது உடனே வந்துவிட்டது.
நானூறு கொள்ளும்.
கோப்பு இன்னும் வரவில்லை.

கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது.
உடைந்த இடத்தில் மணல் மூட்டைகள்
வெயிலில் பொடிந்து கொட்டுகின்றன.
இன்றோடு எழுபத்தோரு நாள்.
பூமயில் புதுப் புட்டியைத் தூக்கிப் பார்க்கிறாள்,
பூஜ்யம் போடுகிறாள்,
பிறகு என்ன நினைத்தாளோ
அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக
ஸ்கேல் வைத்துக் கோடு இழுக்கிறாள்.