கால் கெல்வின்

டார்ம்ஸ்டாட்டில் பிப்ரவரி.
ஏழரை மணி டிராமில் வந்து
ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டி
உட்காரவில்லை இன்னும்,
வீப்கே ஜன்னலை விரியத் திறக்கிறாள்.
ஐந்து நிமிடம். ஒரு நொடி கூடாது, குறையாது.
அவளுக்கு அறை புழுங்குகிறது.
எனக்குக் காதுமடல் விறைக்கிறது.
சுவர் வெப்பமானி இருபத்தொன்று என்கிறது.

வேலையும் இதுதான்.
ஒன்பது செயற்கைக்கோள்கள்,
ஒரே நீராவி,
ஒன்பது குளிர்.

மூன்று நொடிக்குள் ஒரு வீச்சு.
ஒவ்வொரு வீச்சிலும் ஆடி திரும்பி
வெற்று விண்ணை ஒருமுறை பார்க்கும்,
தன் வயிற்றுக்குள் இருக்கும்
வெதுவெதுப்பான கறுப்புத் தட்டை ஒருமுறை.
அந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ பூமி.
நன்றாகத்தான் இருந்தது,
தடம் மெல்ல வழுகித்
தட்டின்மேல் வெயில் ஏறும்வரை.
தனக்கு வந்த காய்ச்சலை
மேகத்தின் கணக்கில் எழுதிவைத்தது ஐந்தாவது.
அது அணைந்து எட்டு வருடம்.
இனி கூப்பிட்டுக் கேட்க முடியாது.

துருவத்தருகே தடங்கள் குறுக்கிடும்.
ஐந்து நிமிட இடைவெளியில்
ஒரே பனிவெளியை இரண்டு கோள்கள் பார்த்த
அந்தச் சில கணங்களை மட்டும்
பதினாறு வருடக் குவியலிலிருந்து பொறுக்குகிறோம்,
அரிசியில் கல் அல்ல,
கல்லில் அரிசி.

ஐந்துக்கும் ஏழுக்கும் கால் கெல்வின் வித்தியாசம்.
"எல்லாவற்றையும் ஒன்பதாவதின் மேல் ஏற்றிவிடுங்கள்,
படம் வழுவழுவென்று வரும்" என்றார் புர்க்ஹார்ட்,
கையில் காபி, காலில் அவசரம்.
வீப்கே தலையாட்டவில்லை.
"ஐந்தாவது அலையின் இரு பக்கமும் கேட்கும்.
ஏழாவதற்கு ஒரு காதுதான்.
வேறாகத்தான் கேட்க வேண்டும் அவை.
காய்ச்சலை எடுங்கள்.
காதை அறுக்காதீர்கள்."

கால் என்றால் எங்கள் மொழியில் நாலிலொன்று,
பாதம்,
பழைய பாட்டில் காற்றும்கூட, என்றேன் மதியம்.
எது எதுவென்று எப்படித் தெரியும்?
பக்கத்துச் சொல்லைப் பார்க்கணும்.
குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஓர் இரவு ஓட்டம் முடிந்தது.
இரண்டு காதுக்கும் ஒரு காதுக்கும்
இருக்க வேண்டிய இடைவெளி போக
மிச்சம் நூற்றில் நாலு.
பூஜ்யமல்ல.
பக்கத்தில் எங்கள் ஐயத்தின் அளவையும் எழுதினோம்,
அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.
செத்துப்போன ஒன்றின் சொல்லை
இத்தனை வருடம் கழித்து
கொஞ்சம் திருத்தி, நிறைய நம்பி.

மறுநாள் நான் இரண்டு ஸ்வெட்டரோடு வந்தேன்.
அவள் வழக்கம்போல் திறந்தாள்.
பூங்காவின் உறைபனி நேராக உள்ளே வந்து
மேசைத் தாள்களைப் புரட்டியது.
ஏதோ தோன்ற இருவரும் ஒன்றாக நிமிர்ந்தோம்.
வெப்பமானி
இருபத்தொன்று என்றது.